“பொறுங்க, பேசும்” என்று சொல்வதை இனி நிறுத்துவோம்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் 5 வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தாலோ, பாரிசவாதம் வந்து பேச்சுக் குறைந்துபோன வாப்பாவோ மூத்தம்மாவோ இருந்தாலோ கட்டாயம் வாசியுங்கள்.

தரம் 1க்கு வருகிற பிள்ளைகளில் ஒவ்வொரு வருடமும் ஒன்றிரண்டு பேர் பெயரைக் கேட்டாலும் பதில் சொல்லாமல் நிற்பார்கள். வெட்கமாக இருக்கும் என்று ஒரு மாதம் பார்ப்போம். பிறகுதான் தெரியவரும், பிள்ளைக்குக் கேள்வியே விளங்கவில்லை என்று. உம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தால் பெரும்பாலும் இதுதான் பதில்: “ரெண்டு வயசிலேயே எனக்கு மனசு சரியில்ல டீச்சர். ஆனா எல்லாரும் பொறுங்க, பேசும் எண்டாங்க.”

அந்த “எல்லாரும்” யார்? நாம்தான். மாமி, சாச்சி, பக்கத்து வீட்டு ராத்தா, கடையில் நிற்கிற காக்கா. “ஆம்புளப் புள்ளதானே, மெதுவாத்தான் பேசும்.” “அவன்ட வாப்பாவும் நாலு வயசிலதான் பேசின.” நல்ல மனதோடுதான் சொல்கிறோம். ஆனால் அந்தத் தாய்க்கு இருந்த சரியான பயத்தை நாம் ஆறுதல் சொல்லி அணைத்துவிடுகிறோம். பிள்ளைக்கு உதவி கிடைக்க வேண்டிய மூன்று வருடம் போய்விடுகிறது.

சில பிள்ளைகள் தாமதமாகப் பேசத் தொடங்கி, பிறகு மற்றவர்களோடு சமமாக வந்துவிடுவது உண்மை. ஆனால் எந்தப் பிள்ளை அப்படி வரும், எது வராது என்பதை முற்றத்தில் நின்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. சோதித்துத்தான் சொல்ல வேண்டும். சோதித்த பிறகு “ஒன்றுமில்லை” என்றால் நமக்கு நட்டம் ஒரு காலைப்பொழுதும் பஸ் காசும். சோதிக்காமல் இருந்து, பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று 5 வயதில் தெரியவந்தால் அந்த நட்டத்தை எதைக் கொண்டும் ஈடுசெய்ய முடியாது. இந்தக் கணக்கைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

பேச்சு வேறு, மொழி வேறு

நாம் எல்லாவற்றையும் “பேச்சு வரல்ல” என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் இது பல வகை.

பேச்சு என்பது சத்தத்தை உருவாக்குவது. நாக்கு, உதடு, அண்ணம், தொண்டை, மூச்சு எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை. மொழி என்பது அதற்கும் உள்ளே இருக்கிறது. மற்றவர் சொல்வதை விளங்குவது, சொல்லைத் தேடி எடுப்பது, சொற்களை ஒழுங்காகக் கோர்த்து நினைத்ததைச் சொல்வது.

ஒரு பிள்ளை “சைக்கிள்” என்பதைத் “தைக்கிள்” என்று சொல்கிறது. ஆனால் கதை முழுவதையும் அழகாகச் சொல்லிவிடுகிறது. அதற்கு இருப்பது உச்சரிப்புச் சிக்கல். இன்னொரு பிள்ளை ஒவ்வொரு எழுத்தையும் சுத்தமாகச் சொல்கிறது. ஆனால் “புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பென்சிலை எடுத்துக்கொண்டு வா” என்றால் முழித்துக்கொண்டு நிற்கிறது. அதற்கு இருப்பது மொழிச் சிக்கல். இந்த இரண்டாவது பிள்ளையைத்தான் நாம் கவனிக்கத் தவறுகிறோம். “சொல்வழி கேளாது”, “மொக்கு” என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

வேறு எந்தக் காரணமும் தெரியாமல், விளங்கிக்கொள்வதிலும் பேசுவதிலும் நீடித்த கஷ்டம் இருப்பதை வளர்ச்சிசார் மொழிக் கோளாறு என்கிறார்கள். இங்கிலாந்தில் பாடசாலை தொடங்கும் வயதுப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில் 100க்கு ஏறக்குறைய 7 பேருக்கு இது இருந்தது. அந்தக் கணக்கில் 35 பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர். ஓட்டிசத்தை விட இது கூடுதல். ஆனால் ஓட்டிசம் என்ற சொல் இப்போது ஊரில் எல்லோருக்கும் தெரியும். இதன் பெயர் ஆசிரியர்களான எங்களில் பலருக்கும் தெரியாது. இந்தப் பிள்ளைகள் கூட்டல் கழித்தலைச் செய்வார்கள். அதே கணக்கை நான்கு வரி வசனமாகக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள். புலமைப்பரிசில் வகுப்பில் அடி வாங்குவதும் இவர்கள்தான். அடித்தால் மொழி வராது.

எந்த வயதில் எதைப் பார்க்க வேண்டும்?

பிள்ளைக்குப் பிள்ளை கொஞ்சம் முன்பின் வரும். ஆனாலும் இவற்றை மனதில் வையுங்கள்.

– 1 வயதளவில்: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும். வேண்டியதை விரலால் காட்ட வேண்டும். “உம்மா”, “வாப்பா” போல ஒரு சொல்லாவது வரத் தொடங்கும்.

– 2 வயதில்: ஏறக்குறைய 50 சொற்கள். “வாப்பா வா”, “பால் தா” என்று இரண்டு சொல்லைச் சேர்க்க வேண்டும். “செருப்பை எடுத்துட்டு வா” என்றால், கையால் காட்டாமலே விளங்க வேண்டும்.

– 3 வயதில்: சின்னச் சின்ன வசனங்கள். வெளியார் கேட்டாலும் பேச்சில் பெரும்பகுதி விளங்க வேண்டும்.

– 4 வயதில்: நடந்ததைச் சொல்ல, கேள்வி கேட்க முடிய வேண்டும். முன்பின் தெரியாதவர்களுக்கும் விளங்க வேண்டும்.

– எந்த வயதிலும்: பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை இழந்தால், ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

பிள்ளை பிறந்தவுடன் தருகிற கிளினிக் புத்தகத்தில் வளர்ச்சிப் படிகள் அச்சடிக்கப்பட்டிருக்கின்றன. நாம் நிறைக் கோடு ஏறுதா இறங்குதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். அடுத்த பக்கங்களையும் திறந்து பாருங்கள்.

எல்லாமே கோளாறு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 3 வயதுப் பிள்ளை “ர”வை “ல” என்று சொல்வது சாதாரணம். ர, ற, ழ எல்லாம் பிந்தித்தான் வரும். நம் ஊர்ப் பேச்சில் பெரியவர்களே பழத்தைப் “பளம்” என்றுதான் சொல்கிறோம். அது வட்டார வழக்கு, நோய் அல்ல. குர்ஆன் மத்ரஸாவில் “ளாத்”, “ஐன்” எழுத்துகள் சரியாக வராததும் கோளாறு அல்ல. தமிழ் பேசும் எந்தப் பிள்ளைக்கும் அவை புது எழுத்துகள்தான்.

முதலில் காது

பேச்சுத் தாமதம் என்றால் முதலில் சோதிக்க வேண்டியது காது. “கதவு அடிச்சா திரும்புறானே, காது கேக்குது” என்பார்கள். அது போதாது. கதவு சத்தம், மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கிற பிள்ளைக்கும் “ச”, “த” போன்ற மெல்லிய சத்தங்கள் கேட்காமல் இருக்கலாம். சளி பிடித்து நடுக்காதில் நீர் தங்கினால் சில வாரம் கேட்கும், சில வாரம் மங்கும். காதில் சீழ் வடிகிற பிள்ளைகளும் அப்படித்தான்.

நெருங்கிய சொந்தத்துக்குள் கலியாணம் முடித்த குடும்பங்களில் பிறவிச் செவிக்குறைபாடு வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். யாரையும் பழி சொல்வதற்காக இதை எழுதவில்லை. அப்படியான குடும்பங்களில் குழந்தை பிறந்தால் காதைக் கட்டாயம் சோதியுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். பிறந்து 1 மாதத்துக்குள் காதைப் பரிசோதித்து, 3 மாதத்துக்குள் குறையை உறுதிசெய்து, 6 மாதத்துக்குள் உதவி தொடங்க வேண்டும் என்பதே உலகெங்கும் சொல்லப்படும் இலக்கு. குழந்தை தூங்கும்போதே செய்யக்கூடிய சோதனை இது, வலி இல்லை.

நாக்கு ஒட்டு, போன், இரண்டு மொழி

மூன்று விஷயங்களில் ஊரில் குழப்பம் இருக்கிறது.

ஒன்று, நாக்கு ஒட்டு. “நாக்குக்குக் கீழ வெட்டிவிட்டா பேசும்” என்று நம்புகிறோம். நாக்கு ஒட்டியிருந்தால் குழந்தைக்குப் பால் குடிப்பதில் கஷ்டம் வரலாம். சில எழுத்துகளும் தடைப்படலாம். ஆனால் பிள்ளை சொல் கற்காததற்கு அது காரணம் அல்ல. சொல்வதை விளங்காத பிள்ளைக்கு நாக்கை வெட்டி என்ன பயன்? அண்ணப் பிளவு வேறு விஷயம். உலக அளவில் ஏறக்குறைய 700 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் உதட்டிலோ அண்ணத்திலோ பிளவு வருகிறது. அண்ணத்தைப் பேச்சு வருமுன் சத்திரசிகிச்சையால் மூடுவதும், பிறகு பேச்சுப் பயிற்சி கொடுப்பதும் கட்டாயம்.

இரண்டு, போன். ஆங்கிலத்தில் நிறமெல்லாம் சொல்லும், 1 முதல் 20 வரை எண்ணும், ஆனால் தண்ணீர் கேட்கத் தெரியாது. இப்படிப் பிள்ளைகள் இப்போது வருகிறார்கள். வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள், “யூடியூப் பார்த்தே இங்கிலீஸ் பேசுது” என்று. அது பேச்சு அல்ல. கேட்டதைத் திருப்பிச் சொல்வது. நம்மோடு பேசினால், நாம் பதில் சொல்கிறோம் என்று பிள்ளை கற்கிறது. போன் பதில் சொல்லாது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது இது: 2 வயதுக்குள் திரை வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளைக்கு 1 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். அதே நேரம், பேச்சுத் தாமதத்துக்கு எல்லாம் போன்தான் காரணம் என்று உம்மாவைக் குற்றவாளியாக்குவதும் பிழை. போனை நிறுத்திப் பார்ப்போம் என்று இன்னும் ஒரு வருடம் காத்திருப்பதும் பிழை. போனைக் குறையுங்கள், அதோடு கிளினிக்குக்கும் போங்கள்.

மூன்று, இரண்டு மொழி. வீட்டில் தமிழ், அயலில் சிங்களம், முன்பள்ளியில் ஆங்கிலம். அதனால்தான் பிள்ளை குழம்பிவிட்டது என்பார்கள். பல மொழி கேட்பதால் மொழிக் கோளாறு வருவதில்லை. எல்லா மொழியிலும் தெரிந்த சொற்களைச் சேர்த்து எண்ண வேண்டும், அவ்வளவுதான். பேச்சு வரட்டும் என்று வீட்டுத் தமிழை நிறுத்திவிட்டு, உம்மாவும் வாப்பாவும் தங்களுக்கே சரியாக வராத ஆங்கிலத்தில் பேசத் தொடங்குவதுதான் கெடுதி. உங்களுக்குச் சரளமாக வருகிற மொழியில் பேசுங்கள்.

“ஆம்புளப் புள்ள மெதுவாத்தான் பேசும்” என்பதற்கும் ஒரு பதில். பெண் பிள்ளைகளை விட ஆண் பிள்ளைகள் சராசரியாகக் கொஞ்சம் பிந்துவது உண்மை. ஆனால் அது மாதக் கணக்கு. வருடக் கணக்கு அல்ல. மறுபக்கம், பேச்சு மொழிக் கோளாறுகள் ஆண் பிள்ளைகளிடமே கூடுதலாகக் காணப்படுகின்றன. ஆகவே ஆண் பிள்ளை என்பது காத்திருப்பதற்கான காரணம் அல்ல, சோதிப்பதற்கான காரணம்.

திக்குவாய்

2 முதல் 5 வயதுக்குள் பல பிள்ளைகளுக்குத் திக்கல் வரும். ஏறக்குறைய 100க்கு 5 பேருக்கு வந்து, பெரும்பாலோருக்குத் தானாக மறைந்து, வளர்ந்த பிறகும் 100க்கு 1 பேர் அளவில் நிலைக்கிறது. பரம்பரைத் தொடர்பு உண்டு. பயத்தால் வருவதல்ல; திக்குகிறவரோடு விளையாடித் தொற்றுவதும் அல்ல. பயமும் அவசரமும் இருப்பதைக் கூட்டும். குடும்பத்தில் யாருக்காவது இருந்தாலோ, 6 மாதத்துக்கு மேல் தொடர்ந்தாலோ, பிள்ளை பேசவே கூச்சப்பட்டாலோ சிகிச்சையாளரிடம் காட்டுங்கள்.

“மூச்சு விட்டுட்டுச் சொல்லு”, “மெதுவாச் சொல்லு” என்று ஒவ்வொரு தரமும் சொல்லாதீர்கள். அவர் சொல்ல வந்ததை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். முகத்தைப் பார்த்து, முடியும் வரை கேளுங்கள். அவர் எப்படிச் சொல்கிறார் என்பதை விட்டுவிட்டு, என்ன சொல்கிறார் என்பதற்குப் பதில் சொல்லுங்கள்.

மூஸா அலைஹிஸ்ஸலாம் அவர்கள் ஃபிர்அவ்னிடம் போகுமுன் அல்லாஹ்விடம் என்ன கேட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். நாவின் முடிச்சை அவிழ்க்கக் கேட்டார்கள். அதோடு, தன் சகோதரர் ஹாரூனைத் துணையாகவும் கேட்டார்கள். ஒரு நபி துஆவும் கேட்டு, துணையும் கேட்டிருக்கிறார். நாமோ பிள்ளைக்கு ஓதிப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறோம். ஓதிப் பாருங்கள், துஆ செய்யுங்கள், அதோடு துணையையும் தேடுங்கள். குர்ஆனைத் திக்கித் திக்கி ஓதுகிறவருக்கு இரட்டைக் கூலி என்ற ஹதீஸையும் நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அப்படிப்பட்ட பிள்ளையை மத்ரஸாவில் எழுப்பி நிற்கவைத்து, மற்றப் பிள்ளைகள் சிரிக்கிற மாதிரி ஓதவைப்பதற்கு நமக்கு என்ன உரிமை?

பெரியவர்களுக்குப் பேச்சுப் போனால்

பேச்சுக் கோளாறு பிள்ளைகளோடு முடிவதில்லை. பாரிசவாதம் வந்து தப்பியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மொழி பாதிக்கப்படுகிறது. இதை அஃபேசியா என்கிறார்கள். 1861இல் பாரிஸில் போல் புரோக்கா என்ற வைத்தியர், “டான்” என்ற ஒரே ஒலியை மட்டும் சொல்லக்கூடிய ஒரு நோயாளியின் மூளையை, அவர் இறந்த பிறகு ஆராய்ந்தார். மூளையின் இடப்பக்க முன்பகுதியில் சேதம் இருந்தது. மொழிக்கு மூளையில் இடம் இருக்கிறது என்பது அதிலிருந்துதான் தெளிவாகத் தொடங்கியது. 1874இல் கார்ல் வெர்னிக்கே இன்னொரு வகையை விவரித்தார்: சரளமாகப் பேசுவார்கள், ஆனால் பேச்சில் பொருள் இராது; மற்றவர் சொல்வதும் விளங்காது.

அஃபேசியா வந்தவருக்குப் புத்தி கெடவில்லை. ஆட்களை அடையாளம் தெரியும், கடை வரவு செலவு நினைவிருக்கும், யார் கடன் என்றும் தெரியும். சொல்தான் வராது. “தண்ணி” என்று சொல்ல நினைத்து “சாவி” என்று சொல்லிவிடுவார். தண்ணீர் என்று சொல்ல முடியாதவர் ஃபாத்திஹா ஓதிவிடுவார், 1, 2, 3 என்று எண்ணிவிடுவார், சில நேரம் ஏசியும் விடுவார். உடனே வீட்டில், “ஓத ஏலும், பேச ஏலாதா? நடிக்கிறாரு” என்பார்கள். வேறு சிலர் “ஏதோ பட்டிருக்கு” என்பார்கள். இரண்டும் இல்லை. பல்லாயிரம் தடவை சொல்லிப் பழகியது மூளையில் வேறு வழியாக வருகிறது. புதிதாக ஒரு சொல்லைத் தேடி எடுக்கிற வழிதான் அடைபட்டிருக்கிறது. தமிழும் சிங்களமும் பேசி வியாபாரம் செய்தவருக்கு இரண்டில் ஒன்று முந்தித் திரும்பவும் கூடும். அதையும் அதிசயமாகப் பார்க்க வேண்டாம்.

இன்னொரு வகையில் சொல் எல்லாம் தெரியும். நாக்கும் உதடும் தளர்ந்து போனதால் குழறும். பார்க்கின்சன் நோயில் குரல் மெலிந்துகொண்டே போகும். இவர்களில் பலருக்கு விழுங்குவதிலும் சிக்கல் வரும். கஞ்சி குடிக்கும்போது அடிக்கடி புரையேறினால், இருமினால், வைத்தியரிடம் சொல்லுங்கள். உணவு நுரையீரலுக்குள் போனால் நியூமோனியா வரும். பேச்சு மொழிச் சிகிச்சையாளர்கள் விழுங்கலையும் பார்ப்பார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

திடீரென்று வாய் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சு குழறினால், எண்ணெய் தேய்த்துப் பார்க்க நேரமில்லை. உடனே 1990க்கு அழையுங்கள். அடைப்பைக் கரைக்கிற மருந்தை, அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள்.

பேச்சிழந்தவரோடு பேசும்போது ரேடியோ, டீவியை நிறுத்துங்கள். ஒரே நேரத்தில் நாலு பேர் பேசாதீர்கள். சின்ன வசனமாகச் சொல்லுங்கள். “ஓம், இல்லை” என்று பதில் சொல்லக்கூடியதாகக் கேளுங்கள். படம் காட்டுங்கள், எழுதிக் காட்டுங்கள். சத்தம் போட வேண்டாம், காது செவிடில்லை. குழந்தையோடு பேசுவது போலும் பேச வேண்டாம். 60 வயது மனிதர் அவர். ஊரில் பத்துப் பேர் யோசனை கேட்ட மனிதர். பெரும்பாலான முன்னேற்றம் முதல் சில மாதங்களில் வரும். ஆனால் வருடங்கள் கழித்தும் பயிற்சியால் முன்னேறலாம். “இனி அவ்வளவுதான்” என்று மூலைக் கட்டிலில் விட்டுவிடாதீர்கள்.

குரலைப் பற்றியும் ஒரு வரி. ஆசிரியர்கள், முஅத்தின்மார், சந்தையில் கூவி விற்பவர்கள் குரலை அதிகம் பாவிக்கிறவர்கள். மூன்று நான்கு வாரமாகியும் குரல் கம்மியிருந்தால் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள். இலங்கை ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலை அதற்கு முக்கிய காரணம். அந்தச் சத்திரசிகிச்சையால் பேச்சையும் விழுங்கலையும் இழந்தவர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள்.

மறைப்பதை விடுவோம்

எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். பெண் பிள்ளைக்குத் திக்கல் இருந்தால் சில வீடுகளில் கிளினிக்குக்குக் கொண்டுபோவதில்லை. “நாலு பேர் கண்டா நாளைக்குக் கலியாணம் பேச வேணுமே” என்கிறார்கள். பிள்ளை வீட்டுக்குள்ளேயே வளர்கிறது. வகுப்பில் வாய் திறப்பதில்லை. பதில் தெரிந்தும் கை உயர்த்துவதில்லை. சாதாரண தரத்தோடு படிப்பும் நின்றுவிடுகிறது. யாருக்கும் தெரியக் கூடாது என்று மறைத்தது, கடைசியில் அந்தப் பிள்ளையையே மறைத்துவிட்டது.

ஆண்களுக்கு வேறு சோதனை. நிக்காஹ் மஜ்லிஸில் கபூல் சொல்கிற அந்த ஒரு நிமிடத்தை நினைத்துப் பல இரவு தூங்காத வாலிபர்கள் இருக்கிறார்கள். வாய் பேச முடியாதவரின் சைகையைக் கூட மார்க்கம் ஏற்கிறது. திக்கிச் சொல்கிற சொல்லைக் கேட்டுச் சிரிப்பது யார் தந்த பழக்கம்? பட்டப்பெயர்களையும் யோசித்துப் பாருங்கள். “கொன்னையன்”, “ஊமையன்” என்று வைத்த பெயர் 70 வயதிலும் அந்த மனிதரோடு போகிறது. பட்டப்பெயர் சூட்டி அழைக்க வேண்டாம் என்பதும் நமக்குச் சொல்லப்பட்டதுதான்.

எங்கே போவது, என்ன செய்வது?

மிட்வைஃப் மிஸ்ஸிடம் அல்லது எம்.ஓ.எச் கிளினிக்கில் சொல்லுங்கள். அங்கிருந்து சிறுபிள்ளை வைத்திய நிபுணரிடம் அனுப்புவார்கள். போதனா வைத்தியசாலைகளிலும் பெரிய அரச வைத்தியசாலைகள் பலவற்றிலும் பேச்சு மொழிச் சிகிச்சை உண்டு. அரச வைத்தியசாலையில் காசு இல்லை. “இன்னும் கொஞ்சம் பார்ப்போம்” என்று யாராவது திருப்பி அனுப்பினால், “காதையாவது சோதித்துத் தாருங்கள்” என்று மரியாதையோடு கேளுங்கள். அது உங்கள் பிள்ளையின் உரிமை.

சிகிச்சை என்பது மருந்து அல்ல, பயிற்சி. வாரத்தில் அரை மணித்தியாலம் சிகிச்சையாளர் செய்வதை மற்ற நாட்களில் வீட்டில் செய்ய வேண்டும். பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, முகம் பார்த்துப் பேசுங்கள். “சொல்லு, சொல்லு” என்று நெருக்காதீர்கள். பிள்ளை “பால்” என்றால், “பால் வேணுமா? சூடான பால்” என்று ஒரு சொல் கூட்டிக் கொடுங்கள். கேட்டுவிட்டு மனதுக்குள் 5 வரை எண்ணிக் காத்திருங்கள். காத்திருக்க வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

ஊராக நாம் செய்யக்கூடியவையும் இருக்கின்றன.

பள்ளிவாசல் நிர்வாகத்தினர் வருடத்தில் ஒரு தடவையாவது எம்.ஓ.எச் அலுவலகத்தாரை அழைத்து, பெற்றோருக்கு இதைப் பற்றிப் பேசச் சொல்லலாம். நம் ஊர்களில் பெண்கள் பயானுக்குக் கூடுகிறார்கள்; அந்த இடமே போதும். முன்பள்ளி ஆசிரியைகள் சந்தேகமான பிள்ளைகளின் பெற்றோரைத் தனியாகக் கூப்பிட்டு, மனம் நோகாமல் சொல்லலாம். மத்ரஸாவில் திக்கும் பிள்ளையைத் தனியாகவோ மற்றவர்களோடு சேர்த்தோ ஓதவைக்கலாம். சேர்ந்து ஓதும்போது திக்கல் பெரும்பாலும் குறைந்துவிடும். பாடசாலையில் நாங்கள் அந்தப் பிள்ளைக்கு ஒரு நேரத்தில் ஒரு கட்டளை மட்டும் கொடுக்கலாம், படம் வரைந்து காட்டலாம், பதில் சொல்லக் கூடுதல் நேரம் கொடுக்கலாம்.

கடைசியாக, உயர்தரம் படிக்கிற பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் ஒரு செய்தி. பேச்சு மொழிச் சிகிச்சை தமிழ் தெரிந்தவரால் செய்யப்பட வேண்டியது. சிங்களத்தில் சோதித்துத் தமிழ்ப் பிள்ளையின் மொழியை அளக்க முடியாது. உம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்க மொழிபெயர்ப்பாளரைத் தேடுவதும் முடிகிற காரியமல்ல. ஆனால் இந்த நாட்டில் தமிழில் சிகிச்சை தரக்கூடியவர்கள் தேவைக்கு மிகக் குறைவு. களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் பேச்சு, செவிப்புல விஞ்ஞானத்தில் பட்டப்படிப்பு இருக்கிறது. டொக்டர், இன்ஜினியர் தவிர வேறு பெயரே நம் வாயில் வருவதில்லை. பல்கலைக்கழக அனுமதிக் கையேட்டில் இந்தப் பாடநெறியையும் ஒரு தடவை தேடிப் பாருங்கள். நம் ஊரிலிருந்து இரண்டு பேர் அங்கே படித்து வந்தால், எத்தனையோ உம்மாமார் விடிய எழும்பித் தூர ஊருக்கு பஸ் ஏற வேண்டியிருக்காது.

அதுவரை நம் கையில் இருப்பது ஒன்று. அடுத்த தடவை ஒரு தாய், “என்ட புள்ள இன்னும் பேசுதில்ல” என்று உங்களிடம் சொன்னால், “பொறுங்க, பேசும்” என்று சொல்லாதீர்கள். “எப்ப கிளினிக்குக்குப் போறீங்க? தனியாப் போக ஏலாட்டி நான் கூட வாறன்” என்று சொல்லுங்கள்.

பயன் இருக்கும் என்று நினைத்தால், குடும்ப வட்ஸ்அப் குழுக்களில் பகிருங்கள். ஒரு பிள்ளைக்கு உதவினாலும் போதும். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஆஃபியத்தைத் தருவானாக.

வஸ்ஸலாம்.